ஈச்சமட்டை முதல் கான்கிரீட் வரை: தலைக்கு மேல் ஒரு கூரையின் வரலாறு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூர்க் கடற்கரை மக்களின் பார்வை வானத்தின் மீதும், அடுத்ததாகத் தம் வீட்டுக் கூரையின் மீதும் செல்லும். கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டியிருக்கும் நமது குடிகாட்டிலும் அப்படியே. கீற்று மாற்ற வேண்டுமா, தகரத்தில் ஓட்டை விழுந்திருக்கிறதா, மெத்தையில் தண்ணீர் தேங்குகிறதா என்ற பேச்சு ஒவ்வொரு வீட்டிலும் எழும். வீட்டின் மற்றப் பகுதிகளில் குறை இருந்தால் அதைப் பொறுத்துக்கொண்டு வாழ்ந்துவிடலாம். கூரையில் குறை இருந்தால் அன்றிரவு உறக்கம் இல்லை.

கூரை என்பது கொத்தனாரும் பொறியாளரும் பேசவேண்டிய செய்தி, மார்க்கத்தில் அதற்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். நம் மார்க்கத்தின் முதல் சமுதாயமே ஓர் ஒழுகும் கூரையின் கீழ்தான் உருவானது. அந்த வரலாற்றையும், நம் கரையோரத்துக் கூரைகளின் வரலாற்றையும், நாம் ஓதிக்கொடுக்கும் சிறிய மக்தப் அறைக்கு நேர்ந்ததையும் இக்கட்டுரையில் சேர்த்துப் பார்ப்போம்.

மதீனாவின் கூரை

நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த முதலாண்டில், அதாவது கி.பி. 622-இல், மஸ்ஜிதுந் நபவீ கட்டப்பட்டது. சுவர் பச்சை மண்கல். தூண்கள் பேரீச்ச மரத் தண்டுகள். கூரை பேரீச்ச மட்டைகள். இப்னு உமர் (ரலி) அவர்கள் இதை விவரிக்கும் செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது.

அந்தக் கூரை வெயிலைத் தடுத்தது, பெருமழையைத் தடுக்கவில்லை. ரமளான் மாதத்தின் இருபத்தொன்றாம் இரவில் மழை பெய்து பள்ளிவாசலின் கூரை ஒழுகியதையும், நபி (ஸல்) அவர்கள் ஈரமண்ணிலேயே ஸஜ்தாச் செய்ததையும், விடிந்தபோது அவர்களின் நெற்றியில் சேற்றின் அடையாளத்தைத் தாம் கண்டதையும் அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். லைலத்துல் கத்ரைப் பற்றிய பாடங்களில் இச்செய்தியை நாம் பலமுறை நடத்தியிருக்கிறோம். மாணவர்கள் ஒற்றைப்படை இரவுகளின் கணக்கைக் கேட்பார்கள். ஒழுகிய கூரையைப் பற்றி எவரும் கேட்டதில்லை. நாமும் நெடுங்காலம் அதை நின்று கவனித்ததில்லை.

அபூபக்ர் (ரலி) அவர்களின் காலத்தில் பள்ளி அவ்வாறே இருந்தது. உமர் (ரலி) அவர்கள், ஹிஜ்ரி 17-ஆம் ஆண்டளவில், அதை விரிவுபடுத்தினார்கள். பழைய பொருள்களைக் கொண்டே கட்டினார்கள். கட்டும் பொறுப்பாளருக்கு அவர்கள் சொன்ன அறிவுரையைப் புகாரி இமாம் பதிந்துவைத்திருக்கிறார்கள். அதன் சாரம் இது: மக்களுக்கு மழையிலிருந்து மறைப்பைக் கொடு; சிவப்பும் மஞ்சளும் பூசி அவர்களின் கவனத்தைக் குலைத்துவிடாதே. மழைக்குக் காப்பு முதலில் வந்தது. வண்ணத்துக்கு எச்சரிக்கை அடுத்து வந்தது. இந்த வரிசையை நம் ஜமாஅத் நிர்வாகிகள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நமது விருப்பம்.

உஸ்மான் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 29-இல் பள்ளியைப் புதுப்பித்தபோது, செதுக்கிய கல்லும் காரையும் கொண்டு சுவர் எழுப்பி, கூரைக்கு ‘ஸாஜ்’ மரத்தைப் பயன்படுத்தினார்கள். ஸாஜ் என்பது தேக்கு. அரபு மண்ணில் விளையாத மரம். இந்தியா போன்ற கீழை நாடுகளில் வளர்வது. ஒழுகிய மட்டைக் கூரையிலிருந்து தேக்கு மரக் கூரைக்கு வர அந்தச் சமுதாயத்துக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. வசதி வந்தபோது கூரையை உறுதியாக்குவதை அவர்கள் தக்வாவுக்கு மாறானதாகக் கருதவில்லை.

வீடுகளின் செய்தியும் அப்படித்தான். நபி (ஸல்) அவர்களின் காலத்தில், மழைக்கு மறைப்பாகவும் வெயிலுக்கு நிழலாகவும் ஒரு வீட்டைத் தம் கையாலேயே கட்டிக்கொண்டதாகவும், படைப்பினங்களில் எவரும் தமக்கு அதில் உதவவில்லை என்றும் இப்னு உமர் (ரலி) கூறுகிறார்கள். நபியவர்களின் துணைவியரின் அறைகளுக்குள் சிறுவயதில் சென்ற ஹஸன் அல்பஸரீ (ரஹ்), கையை உயர்த்தினால் கூரை எட்டும் என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். கூரை தாழ்வாக இருந்தது. தேவைக்குப் போதுமானதாக இருந்தது.

இன்னொரு செய்தியையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தளர்ந்துபோன தம் குடிசையை அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் செப்பனிட்டுக்கொண்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவ்வழியே சென்றார்கள். என்ன இது என்று கேட்டார்கள். குடிசை பலவீனப்பட்டதால் சரிசெய்கிறோம் என்று பதில் வந்தது. மறுமைக்கான அழைப்பு இதைவிட விரைவாக வந்துவிடக்கூடும் என்று அவர்கள் நினைவூட்டினார்கள். அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இது உள்ளது. கூரையைக் கட்ட வேண்டாம் என்று அவர்கள் தடுக்கவில்லை. கட்டுகின்ற கையின் நெஞ்சு எங்கே இருக்க வேண்டும் என்பதைக் காட்டிச் சென்றார்கள்.

நம் கரையின் கூரைகள்

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். சோழமண்டலக் கரையில் எளியவர்களின் கூரை பன்னெடுங்காலமாக ஓலையே. தென்னங்கீற்றைப் பின்னி, மூங்கில் அல்லது பனஞ்சட்டங்களின் மீது கீழிருந்து மேலாக, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வேய்வார்கள். பனையோலை, வைக்கோல், விழல் ஆகியவையும் கிடைக்கும் இடத்தைப் பொறுத்துப் பயன்பட்டன. சரிவு செங்குத்தாக இருக்கும்வரை நீர் ஓடிவிடும். சரிவு குறைந்தால் கீற்று நனைந்து மக்கும். நன்றாக வேய்ந்த கீற்றும் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றப்பட வேண்டியதே. வெப்பத்தைத் தணிப்பதில் அதற்கு ஈடில்லை. தீயின் முன்னும் புயலின் முன்னும் அதற்குப் பலமில்லை.

சற்று வசதியுள்ளோர் அரைவட்ட நாட்டு ஓடுகளை அடுக்கினர். 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவியபின், ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும் தட்டையான சீமை ஓடுகள் தென்னகமெங்கும் பரவின. வணிகம் செழித்த துறைமுக ஊர்களில் மெட்ராஸ் டெரஸ் என்னும் மெத்தைத் தளம் வந்தது. தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டத்தில் சுண்ணாம்பால் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டைகளால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். மஹ்மூது பந்தர் என்றும் போர்டோ நோவோ என்றும் வழங்கப்பட்ட பரங்கிப்பேட்டை போன்ற ஊர்களின் முதியவர்கள் இவ்வேலையை இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இக்கூரைகள் எல்லாவற்றையும் சோதித்தது வங்கக் கடலின் புயல். 1749 ஏப்ரலில் கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைக்கு எதிரே கடலில் நின்ற ஆங்கிலேயக் கடற்படையின் நாமூர் என்னும் பெரும்போர்க்கப்பல், ஒரே புயலில் 500-க்கும் மேற்பட்டவர்களுடன் மூழ்கியது. பீரங்கி தாங்கிய கப்பலையே மூழ்கடித்த காற்று, அன்று கரையிலிருந்த ஓலைக் குடிசைகளை என்ன செய்திருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். நம் தலைமுறையில், 2000 நவம்பர் 29-இல் கடலூர் அருகே ஒரு புயல் கரையைக் கடந்தது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. அந்நாளில் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்கு உணவும் அடைக்கலமும் கொடுத்தது இம்மாவட்டம் மறவாத நற்செயல். அதன்பின் எழுந்த தற்காலிகக் குடியிருப்புகளில் தார்த்தாள் கொண்டு அமைத்த கூரைகளின் கீழ் மக்கள் பட்ட வெக்கையையும் நாம் மறக்கவில்லை. அவசரத்தில் போட்ட கூரை அடுத்த துன்பமாக மாறும் என்பதற்கு அது சான்று.

அதே 2004-இல், ஜூலை 16 அன்று, கும்பகோணத்தில் சமையற்கட்டில் பற்றிய தீ பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று அரசு ஆணையிட்டது. பிள்ளைகள் கூடி ஓதும் மக்தபுகளுக்கும் அந்தப் பாடம் பொருந்தும் என்பதை நம்மில் பலர் தாமதமாகவே உணர்ந்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. தானே புயல் காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டரைத் தொட்டது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. நம் மக்தபின் அறை பத்தடி அகலமும் பன்னிரண்டு அடி நீளமும் கொண்டது. அதன் கீற்றுக் கூரை, மூங்கிலோடு சேர்ந்து எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ரஹல் பலகைகள் சேற்றில் கிடந்தன. திருக்குர்ஆன் பிரதிகளை முன்னிரவே பள்ளிக்குள் எடுத்து வைத்திருந்தோம், அல்ஹம்துலில்லாஹ்.

மறுமாதமே புதிய கூரை போட்டோம். கீற்று வேண்டாம், தகரம் போடுவோம் என்று முடிவெடுத்தோம். அந்த முடிவு சரி. செய்த முறை தவறு. பணம் குறைவு என்பதற்காகச் சரிவைக் குறைத்தோம். சரிவு குறைந்தால் தகரம் குறைவாகப் போதும். ஒவ்வொரு தகரத்துக்கும் நான்கு ஆணிகள் போதும் என்றோம். மேலே செங்கற்களையும் மணல் மூட்டைகளையும் ஏற்றி வைத்தோம். பாரம் இருந்தால் பறக்காது என்பது நமது எண்ணம். யாரும் நம்மை ஏமாற்றவில்லை. நாமே அறியாமல் செய்தோம். எட்டு மழைக்காலம் அது தாங்கியது. 2020 நவம்பர் 25 இரவு நிவர் புயல் மரக்காணம் அருகே கரையேறியபோது, நமது ஊரில் அடித்த காற்றிலேயே இரண்டு தகரங்கள் பிய்ந்து, செங்கற்கள் அறைக்குள் விழுந்தன. பிள்ளைகள் அமரும் பாயின் மேல் அவை கிடந்ததை மறுநாள் காலை கண்டோம். கொரோனா காலமாதலால் மக்தப் மூடியிருந்தது. அன்று முதல், அந்தப் பாயும் செங்கற்களும் நம் கண்ணைவிட்டு அகலவில்லை.

காற்று கூரையைத் தூக்குவது எப்படி?

அதன்பின் விவரமறிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். காற்று கூரையை மேலிருந்து அழுத்தும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் அது பெரும்பாலும் தூக்குகிறது. கூரையின் மேல் விரைந்து செல்லும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைக்கிறது. கதவு, சன்னல் வழியே உள்ளே புகும் காற்று கீழிருந்து தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்தால் கூரை எழும்பும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 90 கிலோ எடைக்குச் சமமான விசை உண்டாகும். நம் அறை அளவுள்ள கூரைக்கு அது ஏறத்தாழ ஆயிரம் கிலோ. தகரம் முழுவதன் எடையோ அறுபது எழுபது கிலோவைத் தாண்டாது. மேலே வைத்த சில செங்கற்கள் அந்தக் கணக்கில் எம்மாத்திரம்? கூரையைக் காப்பது பாரம் அன்று, பிணைப்பு என்பது அப்போதுதான் விளங்கிற்று.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று நபி (ஸல்) அவர்கள் ஒரு மனிதருக்கு வழிகாட்டியதைப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவர்களின் தலைக்கு மேலிருந்த கூரையைக் கட்டாமல் விட்டிருந்தோம்.

2021-இல் ஜமாஅத்தாரும் பெற்றோரும் கொடுத்த ஸதகாவைக் கொண்டு மீண்டும் வேலை தொடங்கியது. பழைய சுவர் கான்கிரீட் தளத்தின் எடையைத் தாங்காது என்று கொத்தனார் சொன்னதால் தகரமே மறுபடி முடிவாயிற்று. செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறோம், எவருக்கேனும் பயன்படலாம்.

சுவரின் தலையில் நான்கு பக்கமும் சுற்றி வரும்படி கம்பி கட்டிய கான்கிரீட் பெல்ட் போடப்பட்டது. அது ஈரமாக இருக்கும்போதே அதில் போல்ட்டுகள் புதைக்கப்பட்டன. அந்த போல்ட்டுகளோடு இரும்புக் குழாய்ச் சட்டங்கள் முடுக்கப்பட்டன. இதனால் கூரையைத் தூக்க வரும் காற்று, சுவரையும் சேர்த்துத் தூக்க வேண்டியதாகிறது.

இருபுறச் சரிவுக்குப் பதிலாக நாற்புறச் சரிவு வைத்தோம். எந்தப் பக்கம் காற்று வந்தாலும் முட்டி நிற்கும் முக்கோணச் சுவர் அதில் இல்லை. ஐந்தடி அரை அகலத்துக்கு மூன்றடி உயரம் கொடுத்தோம். அது ஏறத்தாழ முப்பது பாகைச் சரிவு. அத்தகைய சரிவில் நீரும் தங்காது, தட்டையான கூரையின் மேல் உண்டாகும் அளவுக்குத் தூக்குவிசையும் உண்டாகாது.

இறவாரம் ஒன்றரை அடிக்கு மேல் நீளவில்லை. நீண்ட இறவாரம் நிழல் தரும். புயலில் காற்றுக்குப் பிடி கொடுக்கும். ஓரங்களிலும் முகட்டிலும் திருகுகள் நெருக்கமாக வைக்கப்பட்டன, ஏனெனில் பிய்வது அங்கிருந்தே தொடங்கும். ஒவ்வொரு திருகுக்கும் ரப்பர் வாஷர் இடப்பட்டது. அந்தச் சிறு வளையம் இல்லாவிட்டால் துளைவழியே நீர் இறங்கி இரும்பைத் தின்னும். கடற்காற்றின் உப்பு அந்த வேலையை இன்னும் விரைவாக்கும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று மழை கொட்டியது. மழை விட்டபின் கதவைத் திறந்து பார்த்தோம். முகட்டின் ஓரத்தில் ஓரிடத்தில் சொட்டியிருந்தது. பாய் நனையவில்லை. எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே.

கான்கிரீட்டும் கவனமும்

இன்று எளியவர்களின் கூரை கான்கிரீட்டாக மாறிவருகிறது. குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் கலைஞர் வீட்டுவசதித் திட்டம் 2010-இல் தொடங்கியது. தானே புயலுக்குப் பின் பாதிக்கப்பட்ட குடிசைவாசிகளுக்கு ஒரு லட்சம் கான்கிரீட் வீடுகளை அரசு அறிவித்தது. 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. தகுதியிருந்தும் விண்ணப்பிக்கத் தெரியாத குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் உண்டு. ஊராட்சி அலுவலகத்துக்கு அவர்களோடு ஒரு நடை சென்று வருவது நம் இளைஞர்களுக்கு எளிது. அதன் நன்மையோ பெரிது.

கான்கிரீட் என்பதாலேயே எல்லாம் முடிந்துவிடாது. கலவைக்கு உப்பு நீரையும் கடல் மணலையும் சேர்த்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கி, தளத்தை உள்ளிருந்தே பிளக்கும். தளம் போட்டபின் பாத்தி கட்டிக் குறைந்தது ஏழு நாள், முடிந்தால் பதினான்கு நாள் நீர் நிறுத்த வேண்டும். வாட்டம் சரியில்லாத மெத்தையில் தேங்கும் நீர் என்றேனும் ஒருநாள் வழி கண்டுபிடித்துவிடும். கைப்பிடிச்சுவரையும் விட்டுவிடாதீர்கள். தடுப்பில்லாத மாடியில் உறங்குவதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது அபூதாவூதில் உள்ளது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓடு உள்ளவர்கள் அதை உடைத்துத் தூளாக்க வேண்டாம். அதன் இழை நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

அன்பான சகோதர சகோதரிகளே! ஒரு ஜும்ஆவில் மழை வேண்டி நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். ஒரு வாரம் விடாமல் பெய்தது. மறு ஜும்ஆவில் ஒருவர் எழுந்து, கட்டடங்கள் இடிந்துவிட்டன, செல்வங்கள் மூழ்கிவிட்டன என்று முறையிட்டார். மழை தங்களைச் சுற்றிலும் பொழியட்டும், தங்கள் மீது வேண்டாம் என்று அவர்கள் இறைஞ்சினார்கள். மழை ரஹ்மத், அந்த ரஹ்மத்தைத் தாங்க வலுவில்லாத கூரைகளும் உண்டு என்பதை அந்த துஆ ஏற்றுக்கொள்கிறது.

இவ்வாண்டு ஐப்பசி வருமுன், உங்கள் மஹல்லாவில் ஒழுகும் கூரையின் கீழ் உறங்கும் விதவையின் வீட்டையும், பிள்ளைகள் ஓதும் அறையையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். மினாராவுக்கு வண்ணம் பூசுவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க நேர்ந்தால் தள்ளிவையுங்கள். உமர் (ரலி) அவர்கள் காட்டிய வரிசை அதுவே.

நம் இல்லங்களை அமைதி பெறும் இடங்களாக ஆக்கித் தந்த வல்ல ரஹ்மான், அவற்றின் கூரைகளையும் அவற்றின் கீழ் உறங்கும் குழந்தைகளையும் காத்தருள்வானாக! ஆமீன்.